படகிலேயே தங்கி ஸ்கூபா டைவிங்: முதல் பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய உடல்நல ஆயத்தம்

ஸ்கூபா டைவிங் கற்றுச் சான்றிதழ் பெற்றவர்களில் பலர், சில காலத்துக்குப் பின் ‘லிவ்அபோர்ட்’ எனப்படும் பயணத்தை விரும்புகின்றனர். ஒரு வாரம் படகிலேயே உண்டு, உறங்கி, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை கடலில் முக்குளிப்பது இப்பயணத்தின் வழக்கம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்படுபவர்களுக்கு இவ்வகைப் பயணத்துக்கு அருகில் உள்ள இடங்களுள் ஒன்று மாலத்தீவு. ஆகவே, இந்தப் பக்கம் மாலத்தீவின் நடுப்பகுதித் தீவுக்கூட்டங்களைச் சுற்றிவரும் ஏழு இரவுப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. செங்கடலுக்கோ இந்தோனேசியாவுக்கோ செல்பவர்களுக்கும் இதில் உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

நீண்டகால நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், அவர்களது குடும்பத்தினர், உடன் பயணம் செய்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டே இத்தகவல்கள் தரப்பட்டுள்ளன. இவை உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா.

ஒரு வாரப் பயணம் ஏன் வேறுபட்டது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுற்றியுள்ள அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல் இரு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து மேலேறினாலோ, கரைந்த அளவு மிகுதியாக இருந்தாலோ, அது உடலுக்குள்ளேயே குமிழிகளாக மாறுகிறது. இதுவே அழுத்தக் குறைவு நோய். முக்குளிப்பவர்கள் இதை ‘பெண்ட்ஸ்’ என்பர்.

கரையிலிருந்து சென்று ஒருமுறை மூழ்கித் திரும்புபவரின் உடலுக்கு, மிகுதியான நைட்ரஜனை வெளியேற்ற ஓர் இரவு முழுவதும் கிடைக்கிறது. படகில் தங்குபவருக்கு அவ்வாறில்லை. காலை ஆறு மணி, முற்பகல், பிற்பகல், சில நாட்களில் இரவு என ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது, முந்தைய முக்குளிப்பின் மிச்சம் உடலில் இருக்கும்போதே அடுத்தது தொடங்குகிறது. நான்காம், ஐந்தாம் நாட்களில் உறக்கக் குறைவும் நீரிழப்பும் களைப்பும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

மருத்துவ உதவிக்கான தொலைவு மற்றொரு வேறுபாடு. அழுத்தக் குறைவு நோய்க்கான சிகிச்சை, மறு அழுத்த அறை எனப்படும் சிறப்பு அறையில் அளிக்கப்படுகிறது. மாலத்தீவில் பந்தோஸ் போன்ற சில விடுதித் தீவுகளில் இவ்வறைகள் உள்ளன. ஆனால் உங்கள் படகு அவற்றிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கக்கூடும். அங்குள்ள கடல் விமானங்கள் இரவில் பறப்பதில்லை. எனவே, மாலையில் ஒருவருக்கு அறிகுறி தோன்றினால் பெரும்பாலும் விரைவுப் படகையே நம்ப வேண்டியிருக்கும். கரையில் இருக்கும்போது சிறிதாகத் தோன்றும் ஓர் உடல்நலக் குறை, நடுக்கடலில் பெரிய முடிவுகளை எடுக்க வைக்கிறது.

மருத்துவ வினாப் படிவத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்

முக்குளிப்புக்கு முன் ஒரு மருத்துவ வினாப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பல நாடுகளில் பயன்படுத்தப்படும் பொதுப் படிவத்தின் முதல் பக்கத்தில் 10 வினாக்கள் உள்ளன. அனைத்துக்கும் ‘இல்லை’ என்பது உண்மையான விடையானால், மருத்துவரின் கையொப்பம் தேவையில்லை. சில வினாக்களுக்கு ‘ஆம்’ என்றால் நேரடியாகவும், வேறு சிலவற்றுக்கு அடுத்த பக்கத்தின் துணை வினாக்களைப் பொறுத்தும் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படும். 45 வயதைக் கடந்தவர்களிடம் புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை பற்றித் தனியே கேட்கப்படுகிறது.

இப்படிவம் பலர் கைக்கு வருவது படகில் ஏறிய முதல் மாலையில்தான். பணம் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, நண்பர்கள் அருகில் நிற்கின்றனர். அந்நேரத்தில் ஆஸ்துமாவுக்கு எதிரே ‘ஆம்’ என்று குறிக்க எவருக்கும் மனம் வராது. குறித்தாலும் அங்கே கையொப்பமிட மருத்துவர் இல்லை. படகுத் தலைவர் உங்களைக் கடலில் இறக்க மறுக்கலாம். ஆகவே, பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே படிவத்தைப் பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பெறுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே பெறுவது இன்னும் நன்று. மறைத்து எழுதுவதில் மற்றோர் இழப்பும் உண்டு: உடல்நலக் குறையை மறைத்தது தெரியவந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

முக்குளிப்பு மருத்துவத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நம்மிடையே மிகுதியாக இல்லை. இந்தியாவில் இத்துறையின் அனுபவம் பெரும்பாலும் கடற்படை மருத்துவர்களிடமே உள்ளது. மும்பையில் உள்ள கடற்படை மருத்துவ நிறுவனம் அதற்கான பயிற்சி மையம். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் கேட்டறியலாம். சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உள்ளது. அத்தகைய வாய்ப்பு இல்லாதவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடமே செல்லலாம். அப்போது படிவத்துடன் இணைந்துள்ள மருத்துவருக்கான வழிகாட்டுதலையும் எடுத்துச் செல்லுங்கள். “நீச்சல் அடிக்கலாமா” என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு நீண்டகால நோய் இருந்தால்

ஆஸ்துமா: மேலேறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிவடைகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அதன் கன அளவு இரு மடங்காகும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் அக்காற்று வெளியேற முடியாமல் நுரையீரலைக் கிழிக்கக்கூடும். உடற்பயிற்சியாலோ குளிர்ந்த காற்றாலோ மன அதிர்ச்சியாலோ இழுப்பு வருபவர்கள் முக்குளிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நுரையீரல் செயல்திறன் சோதனையின் அடிப்படையில் மருத்துவர் அனுமதி தரலாம். நிவாரணி இன்ஹேலர் தேவைப்பட்ட பின் குறைந்தது 48 மணி நேரம் கடலில் இறங்கக் கூடாது என்பது பிரிட்டனில் பின்பற்றப்படும் நெறி. ஏழு நாள் பயணத்தில் இது இரண்டு நாட்களை விழுங்கிவிடும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு செல்லுங்கள்.

நீரிழிவு: நீரிழிவு உள்ளவர்கள் எவரும் முக்குளிக்கக் கூடாது என்ற பழைய நிலை இன்று இல்லை. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. 2005ஆம் ஆண்டில் வல்லுநர்கள் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, இன்சுலின் தொடங்கி ஓராண்டும், சர்க்கரைத் தாழ்வை உண்டாக்கக்கூடிய மாத்திரைகள் தொடங்கி மூன்று மாதங்களும் கடந்திருக்க வேண்டும். பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரைத் தாழ்வு கடந்த ஓராண்டில் ஏற்பட்டிருக்கக் கூடாது. இறங்குவதற்கு 60 நிமிடங்களுக்கு முன்பும், 30 நிமிடங்களுக்கு முன்பும், இறங்கும் தறுவாயிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அளவு ஒரு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் குறையாமல், நிலையாகவோ ஏறுமுகமாகவோ இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் அன்றைய முக்குளிப்பைத் தவிர்க்க வேண்டும். ஆழம் 30 மீட்டருக்குள்ளும் நேரம் ஒரு மணிக்குள்ளும் அமைய வேண்டும். நீருக்கடியில் உங்கள் இணையாக வருபவர் நீரிழிவு இல்லாதவராகவும், சர்க்கரைத் தாழ்வின் அடையாளங்களை அறிந்தவராகவும் இருப்பது இன்றியமையாதது.

நாளுக்கு நான்கு முக்குளிப்பு என்ற கணக்கு நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. இரண்டுடன் நிறுத்திக்கொள்வதே சரியான திட்டம். சோதனைக் கருவி இரண்டு, பட்டைகள் இரு மடங்கு, நீர் புகாத உறையில் குளுக்கோஸ் பசை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க இடம் உண்டா என்று படகு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். படகின் காலை உணவு பெரும்பாலும் முதல் முக்குளிப்புக்குப் பிறகே பரிமாறப்படும். இச்சிறு செய்தி பலருக்கும் ஏறிய பின்னரே தெரியவருகிறது. முன்னதாக ஏதேனும் உண்ண ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும்: நீரில் இறங்கியவுடன் கை கால்களில் உள்ள இரத்தம் மார்புப் பகுதியை நோக்கி நகர்கிறது, இதயத்தின் சுமை கூடுகிறது. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு, கடும் முயற்சியின்போது நுரையீரலில் நீர் தேங்கும் ஆபத்து உண்டு. மாலத்தீவின் கால்வாய்ப் பகுதிகளில் நீரோட்டம் வலிமையானது என்பதால் இதைப் பொருட்படுத்தாமல் விட இயலாது. ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரைகள் உழைக்கும் திறனைக் குறைக்கலாம்; சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் நீரிழப்பைக் கூட்டலாம். இவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பயணத்துக்கு ஏற்ற மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மார்பில் இறுக்கம் தோன்றுகிறது என்றால், இதயப் பரிசோதனை முடியும் வரை பயணத்தை ஒத்திவையுங்கள்.

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள், நுரையீரல் உறையில் தானாகக் காற்று புகுந்த வரலாறு உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் முக்குளிக்கக் கூடாது. கருவுற்ற பெண்களிடம் இது பற்றி வாதிட வேண்டியதில்லை: வளரும் கருவுக்கு அழுத்த மாற்றம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை.

காது: பயணத்தை முடிக்கும் சிறிய உறுப்பு

முக்குளிப்பவர்களுக்கு மிகுதியாக ஏற்படும் காயம் காதில்தான். இறங்கும்போது செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படுகிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ, எச்சில் விழுங்கியோ அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்வதால் பயன் குறைவு. மேற்பரப்பிலேயே தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்யுங்கள். அடைப்பு நீங்கவில்லையெனில் சற்று மேலேறி மீண்டும் முயலுங்கள். வலுவாக ஊதி முயல்வது உட்செவியையே சேதப்படுத்தக்கூடும்.

சளி பிடித்திருக்கும்போது இறங்காதீர்கள். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குவது படகுகளில் காணப்படும் வழக்கம். அம்மருந்தின் வேகம் நீருக்கடியில் குறைந்துவிட்டால், மேலேறும்போது காற்று வெளியேற வழியின்றிச் செவியிலோ நெற்றி அறைகளிலோ சிக்கிக்கொள்ளும். கீழே இருக்கும்போது காது வலித்தால் மேலே வரலாம்; மேலே வரும்போது காது அடைத்தால் எங்கே செல்வது?

தொடர்ந்து நீரில் இருப்பதால் செவிக்குழாயின் தோல் ஊறி, மூன்றாம் நான்காம் நாளில் புறச்செவி அழற்சி தோன்றுவதும் மிக வழக்கம். ஒவ்வொரு முறை மேலே வந்ததும் நன்னீரால் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து நீரை வடித்து உலர விடுங்கள். பஞ்சுக் குச்சியைப் பயன்படுத்தாதீர்கள். இதற்கெனச் சொட்டு மருந்துகள் உள்ளன. செவிப்பறையில் துளை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே அவற்றை வாங்குங்கள். நாட்பட்ட சீழ் வடிதல் அல்லது காது அறுவை சிகிச்சை வரலாறு உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணாமல் புறப்படக் கூடாது. பல் மருத்துவரையும் ஒருமுறை காண்பது நன்று. அடைப்புக்குள் சிக்கிய காற்று, அழுத்தம் மாறும்போது கடும் பல்வலியைத் தரும்.

கடல் குமட்டலும் மருந்துப் பையும்

குமட்டலுக்கான மருந்தை வாந்தி தொடங்கிய பின் உட்கொள்வதால் பெரும்பயன் இல்லை. படகு நகர்வதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். இம்மருந்துகளில் பல, உறக்கத்தை வரவழைப்பவை. நீருக்கடியில் மந்தமான மூளை ஆபத்தானது. ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கத்துடன் அது சேர்ந்துகொள்ளும். எனவே, எந்த மருந்தானாலும் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே உட்கொண்டு, உங்களுக்கு எவ்வாறு இருக்கிறது என்று பாருங்கள். புதிய மருந்து எதையும் முதன்முறையாகப் படகில் தொடங்காதீர்கள்.

மலேரியா உள்ள பகுதிகளுக்கு, எடுத்துக்காட்டாக இந்தோனேசியப் பப்புவாவுக்கு, செல்பவர்கள் தடுப்பு மருந்து பற்றிக் கேட்கும்போது முக்குளிக்கப் போவதையும் சொல்ல வேண்டும். ‘மெஃப்லோகுயின்’ என்ற மருந்தின் பக்கவிளைவுகளான தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் அழுத்தக் குறைவு நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், அது முக்குளிப்பவர்களுக்கு ஏற்றதன்று.

வழக்கமான மருந்துகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். பாதியைக் கைப்பையிலும் பாதியை வேறொரு பையிலும் வையுங்கள். மருந்துச் சீட்டின் நகல் உடன் இருக்கட்டும். வலுவான வலிநிவாரணி, உறக்க மாத்திரை போன்றவற்றுக்கு வெளிநாடுகளில் கட்டுப்பாடுகள் உண்டு. செல்லும் நாட்டின் விதிகளை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவான பயணக் காப்பீட்டில் ஸ்கூபா டைவிங் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். மறு அழுத்தச் சிகிச்சையும் அவசர இடமாற்றமும் அடங்கியுள்ளனவா என்று ஆவணத்தைப் படித்தே உறுதி செய்யுங்கள்.

படகில் இருக்கும்போது

மாலத்தீவுச் சட்டம் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 30 மீட்டர் வரம்பை விதித்துள்ளது. அது உச்ச வரம்பே. ஒவ்வொரு முறையும் எட்ட வேண்டிய இலக்காக அதைக் கொள்ளாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் நில்லுங்கள். முக்குளிப்புக் கணினியை முதல் இறக்கம் முதல் இறுதிவரை நீங்கள் ஒருவரே அணிய வேண்டும். இடையில் மாற்றிக்கொண்டால் அதன் கணக்கு உங்கள் உடலின் கணக்காக இராது. ஆக்சிஜன் செறிவூட்டிய ‘நைட்ராக்ஸ்’ நைட்ரஜன் சுமையைக் குறைக்கும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கென ஆழ வரம்பும் உண்டு.

நீரில் இருக்கும்போது உடல் கூடுதலாகச் சிறுநீரை வெளியேற்றுகிறது. அத்துடன் வெயிலும் வறண்ட கலன் காற்றும் சேர்ந்து நீரிழப்பை உண்டாக்குகின்றன. சிறுநீர் வெளிர் நிறமாக இருக்கும் அளவுக்கு நீர் அருந்துங்கள். அன்றைய கடைசி முக்குளிப்பு முடியும் வரை மது வேண்டாம்.

நடுவில் ஒரு நாளோ அரை நாளோ கடலில் இறங்காமல் இருக்க முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். மாலத்தீவில் முக்குளிப்புக் கருவிகள் ‘தோனி’ எனப்படும் துணைப்படகில் இருக்கும். பெயரைக் கேட்டதும் நம் தோணி நினைவுக்கு வரும். அத்தோனி கிளம்பும்போது தாய்ப்படகில் தனியே தங்குபவருக்கு எதையோ இழப்பது போன்ற உணர்வு வருவது இயல்பு. காது வலியுடனோ, உறங்காத கண்களுடனோ இறங்குவதைவிட அந்த உணர்வு எளிதில் தாங்கக்கூடியது. “இன்று நான் வரவில்லை” என்பதற்குக் காரணம் கூற வேண்டிய கட்டாயம் எந்த முக்குளிப்பாளருக்கும் இல்லை.

இவ்வறிகுறிகள் தோன்றினால் உடனே சொல்லுங்கள்

மூட்டுகளில் ஆழ்ந்த வலி, தோலில் திட்டுத்திட்டான சிவப்பு அல்லது நீலம், கூச்சம், மரத்துப்போதல், கை கால் தளர்ச்சி, தலைச்சுற்றல், தள்ளாட்டம், சிறுநீர் கழிக்க இயலாமை, வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவை அழுத்தக் குறைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தோன்றுகின்றன. ஒரு நாள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. மூச்சுத் திணறல், மார்பு வலி, நினைவிழப்பு ஆகியவை மேலே வந்த சில நிமிடங்களில் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

“கலனைத் தூக்கியதால் தோள் பிடித்துக்கொண்டது” என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு இரவைக் கழிப்பவர்கள் பலர். முக்குளித்தபின் தோன்றும் எந்தப் புதிய அறிகுறியையும், வேறு காரணம் உறுதியாகும் வரை, முக்குளிப்பால் வந்ததாகவே கருத வேண்டும்.

முதலுதவி: பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்து, 100 விழுக்காடு ஆக்சிஜனை முகமூடி வழியாக அளிக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்து, வாந்தி இல்லையெனில் நீர் கொடுக்கலாம். மீண்டும் கடலில் இறக்கி ‘சரிசெய்ய’ முயலக் கூடாது. ஆக்சிஜனால் வலி மறைந்தாலும் மருத்துவரிடம் கொண்டு சென்றே ஆக வேண்டும். மறு அழுத்த அறையின் வழக்கமான முதல் சிகிச்சை, 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடிக்கும்.

படகில் ஏறிய அன்றே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆக்சிஜன் கலன் எங்கே உள்ளது, அது எத்தனை மணி நேரத்துக்குப் போதும், இப்பாதையில் மிக அருகிலுள்ள மறு அழுத்த அறை எது. விடை தயங்கித் தயங்கி வந்தால் அதையும் ஒரு விடையாகக் கொள்ளுங்கள்.

விமானமும் மலைப்பாதையும்

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தைவிடக் குறைவு. உடலில் எஞ்சிய நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. பல படகுகள் 24 மணி நேர இடைவெளியைப் பின்பற்றுகின்றன, அதுவே பாதுகாப்பானது. மாலத்தீவின் உள்ளூர் விமானமும் கடல் விமானமும் இக்கணக்கில் அடங்கும்.

மலை ஏறுவதும் இதே விளைவைத் தரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மாலத்தீவிலிருந்து திரும்பி நேராகக் குளிர்ச்சியான மலை ஊருக்குச் செல்லும் திட்டம் இருந்தால், இடையில் ஒரு நாள் சமவெளியில் தங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பயணம் செல்பவரின் மருத்துவப் படிவ நகல், மருந்துப் பட்டியல், காப்பீட்டு எண், படகின் பெயர், படகு நிறுவனத்தின் அவசர அழைப்பு எண் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பல இடங்களில் கைப்பேசி இணைப்பு கிடைக்காது. ஓரிரு நாள் பேசவில்லை என்பதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பேசும்போது, “எத்தனை மீன் பார்த்தாய்” என்பதுடன் “காது எப்படி இருக்கிறது, உறங்கினாயா” என்றும் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு கை மரத்துப்போவதாகவோ நடை தள்ளாடுவதாகவோ அவர் சொன்னால், மருத்துவமனை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகவே “இவர் இத்தனை மணி நேரத்துக்கு முன் ஸ்கூபா டைவிங் செய்தார், அதன் பின் விமானத்தில் வந்தார்” என்று கூறுங்கள். கடலிலிருந்து தொலைவில் உள்ள மருத்துவமனையில் இதைச் சொல்லாவிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை. பக்கவாதம் என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ கருதி நேரம் கடந்துவிடலாம். அவரது முக்குளிப்புக் கணினியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அதில் பதிவாகியிருக்கும்.